பன்னிரண்டு மணிச் சாப்பாடு

பிப்ரவரி 5

அன்புள்ள சமையல்காரருக்கு,

நானும் உங்கள் மகள் வாலுவும் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் "ம்" என்று ஒற்றை எழுத்தில் பதில் வரும் என்பதால் இம்முறை கேட்கவில்லை. போன கடிதத்தில் முக்கால் பக்கம் அடுப்பைப் பற்றியே எழுதியிருந்தீர்கள். எட்டு பர்னர், அதில் ஆறு எரிகிறது, சரி. அந்த அடுப்பில் சமைக்கிற ஆள் எப்படி இருக்கிறார் என்பது அடுத்த கடிதத்திலாவது தெரியவரட்டும். அந்தச் சுரங்க முகாமில் போன் எடுக்காது, இருக்கிற ஒரே ஆபீஸ் போனும் சாவுச் செய்திக்குத்தான் என்று ஆகிவிட்டது. வாரம் ஒருமுறை சாமான் லாரியோடு வருகிற கடிதத்திலாவது நாலு வார்த்தை கூடுதலாக எழுதினால் குறைந்தா போவீர்கள்?

என் பக்கம் ஒரு செய்தி. பயப்படும்படி இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் எங்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறதாம். டாக்டரம்மா இப்போதைக்கு மாத்திரை வேண்டாம் என்றார். ஒரு நாளைய சாப்பாட்டை எட்டு மணி நேரத்துக்குள் முடித்துக்கொண்டு மீதி பதினாறு மணி நேரமும் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்துப் பாருங்கள், தண்ணீர் குடிக்கலாம், பாலும் சர்க்கரையும் இல்லாத டீ குடிக்கலாம் என்றார். எல்லோருக்கும் இது ஒத்துவராது, தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட்டு என்னிடம் வாருங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். பகல் பன்னிரண்டிலிருந்து ராத்திரி எட்டு வரை என்று நானே நேரம் வைத்துக்கொண்டேன்.

இன்றோடு ஒன்பது நாள். முதல் மூன்று நாள் பசி காதை அடைத்தது. நேற்றுக் காலை பத்து மணிக்குப் பக்கத்து மேஜைக்காரியின் பிறந்தநாள் கேக். என் துண்டைக் காகிதத்தில் சுற்றி இழுப்பறைக்குள் வைத்தேன். அது உள்ளேயிருந்தே வாசம் வீசி என் உயிரை வாங்கியது. பதினொன்றரைக்கு மேல் கடிகார முள்ளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. லென்ஸ் தேய்க்கிறவளுக்கு இது நல்லதா சொல்லுங்கள்.

வீடும் மாறிப்போய்விட்டது. காலையில் அடுப்பே மூட்டுவதில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்க மென்று தின்ன வாலுவுக்குக் கூச்சமாம். செருப்பு அலமாரிப் பக்கம் போய் நின்றுகொண்டு ரொட்டியை முழுங்கிவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறாள். ராத்திரி ஏழு ஐம்பதுக்கு அவள் ஏதோ டீச்சர் கதை சொல்லிக்கொண்டே இருந்தாள். பேசாமல் சாப்பிடு, மணியாகிறது என்று அதட்டினேன். "உனக்குத்தானம்மா மணி, எனக்கு என்ன?" என்கிறாள். பதிமூன்று வயதில் இந்த வாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
கண்ணாடிக்காரி

----

பிப்ரவரி 14

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

நான் நலம். இரண்டு வார்த்தையாக எழுதிவிட்டேன், பார்த்துக்கொள்.

வியாழக்கிழமை லாரி வந்தது. மூட்டை இறக்குவதற்கு முன்பே உன் கடிதத்தை வாங்கி அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து படித்தேன். சர்க்கரை என்று பார்த்ததும் மூட்டையைவிட்டு எழுந்துவிட்டேன். மறுபடி படித்த பிறகுதான் எல்லைக்கோடு என்று எழுதியிருந்தது கண்ணில் பட்டது.

இங்கே நாற்பத்திரண்டு பேர். விடிகாலை ஐந்துக்குக் கஞ்சி, பத்துக்குச் சுரங்க வாசலுக்கு ரொட்டி, மதியச் சோறு, சாயங்காலம் சூப்பும் ரொட்டியும். நடுவில் நான் எப்போது சாப்பிடுகிறேன் என்று என்னைக் கேட்டால் எனக்கே தெரியாது. கரண்டியில் கொஞ்சம், கையில் கொஞ்சம், கடைசியில் சட்டியில் ஒட்டியிருப்பது கொஞ்சம். ஓட்டலில் இருந்தபோதும் அப்படித்தான். வீட்டுக்கு வந்தால் பசி இருக்காது.

கிளம்புகிற அன்று நான் பையைத் தோளில் போட்ட பிறகு நீ வாசலில் நின்று கேட்டாய். பதினாறு வருஷத்தில் ஒரு நாளாவது என் எதிரில் உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறீர்களா என்று. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன். பஸ் வர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

இந்த வாரம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து நானும் உன் கணக்கில்தான் சாப்பிடப் போகிறேன். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் சட்டியை மூடிவிட்டு, தட்டில் போட்டுக்கொண்டு, நீள மேஜையின் கடைசியில் உட்காருவேன். நீ அங்கே முதல் வாய் எடுக்கும்போது நான் இங்கே எடுப்பேன். அதற்கு முன்னால் தண்ணீர் தவிர எதுவும் என் நாக்கில் படாது. இவ்வளவு தூரத்திலிருந்து உன்னோடு உட்கார்ந்து சாப்பிட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வேண்டாம் என்று எழுதாதே. அது வந்து சேர எட்டு நாள் ஆகும். அதற்குள் எனக்குப் பழகிவிடும்.

உன்,
சமையல்காரன்

----

பிப்ரவரி 23

அன்புள்ள சமையல்காரருக்கு,

எழுதத் தெரியாத மனுஷர் என்று பதினாறு வருஷமாக உங்களைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டேன். கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். வாலு கதவைத் தட்டி, "அப்பா அடுப்பு வெடிச்சிருச்சுன்னு எழுதியிருக்காரா?" என்கிறாள்.

நேற்றுப் பன்னிரண்டுக்கு டப்பாவைத் திறக்கும்போது எதிர் நாற்காலியைப் பார்த்தேன். பக்கத்து மேஜைக்காரி, யாரைப் பார்த்துச் சிரிக்கிறாய் என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார் என்றேன். இவளுக்குப் பட்டினியில் மூளை கலங்கிவிட்டது என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாக்கில் எதுவும் படாது என்றால் காலைக் கஞ்சிக்கு உப்பு எப்படிப் பார்ப்பீர்கள்? நீங்கள் சமையல்காரர். நான் பட்டினி கிடந்தால் லென்ஸ் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

உங்கள்,
கண்ணாடிக்காரி

----

மார்ச் 7

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

முதல் வாரம் காலை டீ இல்லாமல் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். இப்போது பழகிவிட்டது. வயிறு லேசாக இருக்கிறது. மூக்கு எவ்வளவு கூர்மையாகிவிட்டது தெரியுமா? அடுத்த கொட்டகையில் யார் வெங்காயம் உரிக்கிறார்கள் என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன். பெல்ட்டில் ஓர் ஓட்டை உள்ளே போயிருக்கிறது.

உப்புக்கு வழி செய்தாயிற்று. சாமான் கிடங்குக்காரரைக் கூப்பிட்டு ஒரு கரண்டி கொடுக்கிறேன். அவர் வாயில் வைத்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் யோசித்து, நன்றாக இருக்கிறது என்கிறார். எதைக் கொடுத்தாலும் அதே பதில்தான். ஒரு நாளைக்கு நாற்பது சிகரெட் ஊதுகிறவர், பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்பார் போலிருக்கிறது. எப்படியானாலும் கை அளவு எனக்குத் தெரியும். முப்பது வருஷக் கை.

பன்னிரண்டு மணி விஷயம் முகாம் முழுக்கப் பரவிவிட்டது. நான்தான் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். முதலில் கேலி செய்தார்கள். இப்போது நான் தட்டோடு வந்தால், "தள்ளி உக்காருங்கப்பா, அண்ணி வர்ற நேரம்" என்று என் எதிர் இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். பம்புக்காரர் என்று ஒருவர், சுரங்கத்தில் ஊறுகிற தண்ணீரை இறைத்து வெளியே விடுகிறவர், இருக்கிறவர்களிலேயே வயதானவர். ஒரு புது ஆள் தெரியாமல் அந்த இடத்தில் உட்காரப் போனபோது கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். அந்தக் கால் மணி நேரம் நான் உன்னோடு இருக்கிறேன். மீதி நேரமெல்லாம் வேலை.

வாலுவைச் செருப்பு அலமாரிப் பக்கம் நின்று சாப்பிட விடாதே. என் பழக்கம் அவளுக்கு வர வேண்டாம்.

உன்,
சமையல்காரன்

----

மார்ச் 15

அன்புள்ள சமையல்காரருக்கு,

இதை உட்கார்ந்துதான் எழுதுகிறேன், கவலைப்பட வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு இயந்திரத்தின் முன்னால் கண்ணில் பூச்சி பறந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது தரை. ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் லென்ஸ் இரண்டாகப் போய்விட்டது. என் விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அதிர்ஷ்டம்.

டாக்டரம்மா நாலைந்து கேள்வி கேட்டார். இந்த முறை உங்கள் உடம்புக்கு ஒத்துவரவில்லை, விடுங்கள், காலையில் கொஞ்சமாக, நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தினமும் நடங்கள் என்றார். சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கிறதாம், இனி இப்படியே குறையுமாம். மறுநாள் காலை வாலுதான் எனக்கு இரண்டு ரொட்டி வாட்டிக் கொடுத்தாள். இரண்டு பேரும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஒன்றரை மாதமாகப் பிள்ளையைத் தனியாகத் தின்ன விட்டிருக்கிறேனே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஆகவே நான் நிறுத்திவிட்டேன். நீங்களும் நிறுத்திவிடுங்கள். உங்களுக்குச் சர்க்கரையும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்காகத்தானே.

உங்கள்,
கண்ணாடிக்காரி

பி.கு. உறையை ஒட்டப் போகும்போது தபால்காரர் வந்தார். மார்ச் 7 கடிதம். எதிர் இடத்தைக் காலியாக விடுகிறார்களாம். நீங்கள் என்னோடு இருக்கிறீர்களாம். இதை எப்படி அனுப்புவது? அனுப்பவில்லை. தையல் பெட்டிக்குள் வைக்கிறேன்.

----

மார்ச் 17

அன்புள்ள சமையல்காரருக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. சர்க்கரை குறைந்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். பன்னிரண்டு மணிக்கு உட்காருகிறேன், உங்களை நினைத்துக்கொள்கிறேன்.

எனக்கு ஒரு வாக்கு வேண்டும். கஞ்சியை நீங்களே ருசி பாருங்கள். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பது சாப்பாடு ஆகிவிடாது. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. காலையில் ஒரு ரொட்டி தின்றாலும்கூட நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். ஆள் இளைத்துக்கொண்டே போவதைக் கேட்டால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாலு இப்போது மேஜையில்தான் சாப்பிடுகிறாள்.

உங்கள்,
கண்ணாடிக்காரி

----

ஏப்ரல் 3

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

சர்க்கரை குறைந்தது என்று படித்ததும் அன்று மதியம் எல்லோருக்கும் இனிப்புச் சேமியா செய்து போட்டேன். என்ன விசேஷம் என்றார்கள். உங்கள் அண்ணிக்குச் சர்க்கரை குறைந்துவிட்டது என்றேன். அதற்கு இனிப்பா என்று சிரித்து உருண்டார்கள். பம்புக்காரர் மட்டும் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு, நல்ல செய்தி அடிக்கடி வரட்டும் என்றார்.

நீ கேட்ட வாக்கை என்னால் தர முடியாது. ஒரு சொட்டு என்று ஆரம்பித்தால் அது ஒரு கரண்டியில் போய் நிற்கும். எனக்கு என்னைத் தெரியும். நீ அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்க்கும்போது நான் இங்கே கரண்டியை நக்கிக்கொண்டிருந்தால் பன்னிரண்டு மணிக்கு உன் எதிரில் எந்த முகத்தோடு உட்காருவது? சில நாள் பதினொரு மணிக்கு விட்டுவிடலாமா என்று தோன்றும். அவள் விடவில்லையே என்று நினைத்துக்கொள்வேன். அது போதும், ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

கிடங்குக்காரர் அடுத்த வார லாரியில் அக்கா வீட்டுக்குப் போகிறார், இரண்டு வாரம். பரவாயில்லை, அவர் நாக்கு இருந்தும் ஒன்றுதான் இல்லாமலும் ஒன்றுதான்.

ஜூனில் பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பத்து நாளும் நீ பன்னிரண்டு மணிக்கு வீட்டில் இருக்கும்படி கடையில் சொல்லிவை.

உன்,
சமையல்காரன்

----

ஏப்ரல் 12

அன்புள்ள சமையல்காரருக்கு,

கிடங்குக்காரர் இல்லையென்றால் வேறு யாரையாவது ருசி பார்க்கச் சொல்லுங்கள். பம்புக்காரரைச் சொல்லுங்கள். இல்லை, நீங்களே பாருங்கள். மூன்றாவது முறை கேட்கிறேன். என்ன பிடிவாதம் இது.

எப்போதும் என்னையே அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. ஜூனில் வரும்போது நேரில் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. எழுதிப் பார்த்தேன், எழுத்தில் சரியாக வரவில்லை.

உங்கள்,
கண்ணாடிக்காரி

----

ஏப்ரல் 24

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

உன் 12-ஆம் தேதிக் கடிதம் 20-ஆம் தேதி கிடைத்தது. இரண்டு நாள் முன்னால் வந்திருக்கலாம்.

18-ஆம் தேதி விடிகாலை வழக்கம்போலக் கஞ்சி வைத்தேன். கிடங்குக்காரர் ஊருக்குப் போகும் அவசரத்தில் இன்னொரு உப்பு டப்பாவை நிரப்பிவைத்துவிட்டுப் போயிருந்தார், பழையது தீர்ந்து அன்றுதான் அதைத் திறந்தேன். அவர் நிரப்பியது உப்பு இல்லை, பாத்திரம் தேய்க்கிற சோடா. இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைச் சாக்கில் வந்திருக்கின்றன. அதை நான் கைநிறைய அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறேன். கஞ்சி கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது. புதுத் தானியம் போல என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வருஷத்தில் சட்டியை இறக்குமுன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்காத நாள் கிடையாது, இந்த இரண்டு மாதத்தைத் தவிர.

முதல் வாயிலேயே எல்லோரும் துப்பிவிட்டார்கள். வாய் எரிகிறது என்று கத்தினார்கள். பம்புக்காரர் சுரங்கத்துக்குள்ளிருந்து நேராக வந்தவர். நாலு நாளாக ஜலதோஷம், வாசமும் ருசியும் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூச்சல் கிளம்பும் முன்பே கிண்ணத்தைத் தூக்கி மடமடவென்று குடித்து முடித்துவிட்டார். பிறகு தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லாரி இல்லாததால் ஜீப்பில் கீழே கொண்டுபோனோம், மூன்று மணி நேரப் பாதை. அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். பேச முடியவில்லை அவரால். என் கையை விடவும் இல்லை.

உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். உள்ளே தொண்டையிலிருந்து வயிறு வரை வெந்திருக்கிறது. எத்தனை மாதமாகும், முன்போலச் சாப்பிட முடியுமா என்று யாரும் சொல்லவில்லை.

நேற்று விசாரணை. பெரிய எஞ்சினியரும் இன்னும் இரண்டு பேரும். சமையல்காரர் ஏன் ருசி பார்க்கவில்லை என்று கேட்டார்கள். கிடங்குக்காரர்மேல் பழி போடலாம் என்று ஒருவர் ஜாடை காட்டினார். நான் உள்ளதைச் சொன்னேன். என் மனைவி காலையில் சாப்பிடுவதில்லை, அவளோடு நானும் சாப்பிடுவதில்லை, பன்னிரண்டுக்குச் சேர்ந்து சாப்பிடுகிறோம் என்று. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். எஞ்சினியர், எழுதிக்கொள்ளுங்கள் என்றார். வெட்கப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தப்பு என் கையில் நடந்தது. காரணமாவது நல்ல காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறன்று ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். நீ பன்னிரண்டு மணியை விட்டுவிடாதே. நான் விடவில்லை.

உன்,
சமையல்காரன்

----

மே 3

என் அன்புக்குரியவருக்கு,

இதோடு மார்ச் 15-ஆம் தேதிக் கடிதம் ஒன்றை வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படியுங்கள். பிறகு இதற்கு வாருங்கள்.

படித்துவிட்டீர்களா? அன்றிலிருந்து இன்றுவரை நான் காலையில் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இரண்டு ரொட்டி, சில நாள் முட்டை. நீங்கள் பதினொரு மணிக்கு என்னை நினைத்துப் பசியைத் தாங்கிய நாட்களில் என் வயிறு நிறைந்திருந்தது.

பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தது பொய்யில்லை. ஒரு நாள்கூட விடவில்லை. பசியில்லாமல் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் என்று எழுத வந்தேன், அவ்வளவு மட்டும் இல்லை என்று எனக்கே தெரிகிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வாலு ஒவ்வொரு ஞாயிறும் கேட்டாள். "அப்பாகிட்ட சொல்லிட்டியாம்மா?" என்பாள். சொல்லிவிடுகிறேன் என்பேன். நான் உங்கள் உடம்பைப் பற்றி நினைக்காமல் இல்லை. ருசி பாருங்கள் என்று எத்தனை முறை எழுதினேன். ஆனால் நிறுத்துங்கள் என்று எழுதினால் அந்தக் கடிதங்களும் நின்றுவிடுமே என்று பயந்தேன். பதினாறு வருஷம் என்னிடம் அடுப்பைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் பேசிய மனுஷர் முதல்முறையாக என்னைப் பற்றி எழுதினார். எதிரில் எனக்கு இடம் போட்டார். அதை இழக்க எனக்கு மனசு வரவில்லை. பேராசைதான். திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

விசாரணையில் என் பெயரைச் சொல்லிவிட்டு வெட்கப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. அந்தப் பெரியவர் இப்போது எப்படி இருக்கிறார்? அவர் குடித்த கிண்ணத்தில் என் பங்கு எவ்வளவு என்று தினமும் யோசிக்கிறேன்.

ஜூனில் வாருங்கள். எதிரில் உட்கார்ந்து என்னைக் கேளுங்கள். கத்த வேண்டுமென்றால் கத்துங்கள். கடையில் பத்து நாளுக்கும் சொல்லிவைத்துவிட்டேன்.

உங்கள்,
கண்ணாடிக்காரி

----

மே 19

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. நீ சொன்னபடி மார்ச் மாதக் கடிதத்தை முதலில் படித்தேன்.

ஒன்றை முதலில் தெளிவாக எழுதிவிடுகிறேன். சோடாவைப் போட்டது என் கை. ருசி பார்க்காதது என் நாக்கு. பார்க்கச் சொல்லி நீ எழுதியதையெல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். கேட்காதது நான். அந்தக் கிண்ணத்தில் உனக்குப் பங்கு கிடையாது, நீ கேட்டாலும் தர மாட்டேன்.

உன் கடிதம் வருவதற்கு முதல் நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன், மூன்றாவது முறையாக. பம்புக்காரரின் மனைவி வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், மடியில் பிளாஸ்க். முதல் இரண்டு முறையும் அவர் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய்விட்டு வந்தேன். இந்த முறை போய் நின்று, நான்தான் சமையல்காரன் என்றேன். அவர் கத்தவில்லை.

"ஏங்க ருசி பாக்கல?" என்று கேட்டார்.

சொன்னேன். உன்னைப் பற்றி, பன்னிரண்டு மணியைப் பற்றி, எதிர் இடத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் கணவர் நம்மைப் பற்றிச் சொல்லியிருக்கிறாராம்.

"உங்க வீட்டம்மாவுக்காவது சர்க்கரை குறைஞ்சுதா?"

"குறைஞ்சிருக்குங்கம்மா."

"சரி. அவங்க பட்டினி கிடந்ததுக்கு அதுவாவது நடந்துச்சே."

மறுநாள் லாரி வந்தது.

நீ காலையில் சாப்பிட்டதில் எனக்குத் துளிக் கோபம் இல்லை. விழுந்திருக்கிறாய். சாப்பிடத்தான் வேண்டும். விழுந்ததையாவது என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் வேறு எதற்கும் கோபப்படக் கூடாது என்று நாலு நாள் முயன்று பார்த்தேன். முடியவில்லை. இரண்டு மாதமாக நான் காலி இடத்துக்கு எதிரில் உட்கார்ந்து உன்னோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. நீ என் கடிதத்தைப் படித்து என்மேல் பரிதாபப்பட்டிருக்கிறாய். வாலுவும் பரிதாபப்பட்டிருக்கிறாள். பசியைத் தாங்கினேன். இதைத் தாங்க முடியவில்லை. பயந்தேன் என்று எழுதியிருக்கிறாய், நம்புகிறேன். நம்பினாலும் அது குறையவில்லை.

என்னைச் சமையலறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பம்பு பார்க்க ஆள் இல்லை, அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் எதிரில் இப்போது யார் வேண்டுமானாலும் உட்காருகிறார்கள், நானே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

ஜூன் விடுப்பை ஆஸ்பத்திரிக்கு மாற்றிக்கொண்டேன். பம்புக்காரரின் மனைவி பகலில் வேலைக்குப் போயாக வேண்டும். கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்ட ஓர் ஆள் வேண்டும். ஒரு கிண்ணம் உள்ளே போக ஒரு மணி நேரம் ஆகிறது. ஒவ்வொரு கரண்டிக்கும் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. பத்து நாள் நான் செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு அப்பா வருவாரா என்று வாலு கேட்டால், தெரியவில்லை என்று சொல். வருவார் என்று ஆறுதலுக்காகச் சொல்லாதே. அவளுக்குத் தனியாக எழுதுகிறேன்.

நான் இங்கே பசிக்கும்போது சாப்பிடுகிறேன், மணி பார்ப்பதில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிடு. எனக்காகக் காத்திருக்காதே.

இப்படிக்கு,
வாலுவின் அப்பா